விமானத் தகடுகளை இணைக்கும் ரிவெட்டு வேலை

உலோகத் தகடுகளால் ஆன விமானம் ஒன்றின் இறக்கையை அருகில் நின்று நோக்கினால், அதன் மேற்பரப்பு முழுதும் சிறு புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றும் ஒரு ரிவெட்டின் தலையாகும். தறையாணி என்று நூல்களில் வழங்கும் இந்தச் சிறிய ஆணியே மேல்தகட்டையும் உட்சட்டத்தையும் பிணைத்து நிற்கிறது. சிறியதொரு பயிற்சி விமானத்திலேயே இவை ஆயிரக்கணக்கில் உள்ளன. பெரிய பயணி விமானங்களில் லட்சக்கணக்கில் உள்ளன.

ரிவெட்டின் தலையைக் கண்ணால் பார்க்கலாம். மறுபுறத்தில் அடித்து உருவாக்கிய தலையையும், சட்டத்தின் உட்பக்கம் எட்டுமானால் பார்க்கலாம். ஆனால் ஆணி நிறைந்திருக்கும் துளையின் உட்சுவரை, வேலை முடிந்த பின் எவரும் பார்க்க இயலாது. இணைப்பின் ஆயுளைப் பெரும்பாலும் நிருணயிப்பது அவ்வுட்சுவரே. ஆகவே ரிவெட்டு வேலையின் தரம், சுத்தி தொடங்குமுன்னரே பாதிக்கு மேல் முடிவாகி விடுகிறது எனலாம். இவ்வுண்மையை மாணவர் மனத்தில் பதியச் செய்வதே தகட்டு வேலை கற்பிப்போரின் முதற் கடமை.

ரிவெட்டு ஏன்?

தகடுகளை இணைக்கப் பற்றவைப்பு முறையும் மரையாணி முறையும் இருக்க, விமானத்திற்கு ரிவெட்டைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மாணவர் வினவுவது இயல்பு. இதற்கு விடை உலோகத்தின் தன்மையில் உள்ளது. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உலோகவியலார் ஆல்பிரட் வில்ம் என்பவர், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிரச் செய்து சில நாள் வைத்திருந்தால், அது தானாகவே கடினமடைகிறது என்பதைக் கண்டறிந்தார். டூராலுமின் என்ற பெயரால் புகழ்பெற்ற இக்கலப்பு உலோகமே தகட்டு விமானத்தைச் சாத்தியமாக்கியது. 1919-ஆம் ஆண்டில் பறந்த யுங்கர்ஸ் எஃப்-13 என்னும் பயணி விமானம், நெளிவுடைய டூராலுமின் தகடுகளை ரிவெட்டுகளால் இணைத்துக் கட்டப்பட்டதாகும்.

வெப்பத்தால் முறைப்படுத்திப் பெற்ற இவ்வலிமை, பற்றவைக்கும் சூட்டில் கெட்டு விடும். இவ்வகை உலோகம் பற்றவைத்த இடத்தில் வெடிப்பதும் உண்டு. மரையாணியோ எடை மிக்கது. அதிர்வால் தளராதிருக்கத் தனி ஏற்பாடும் தேவை. ரிவெட்டு எடை குறைந்தது. குளிர்ந்த நிலையிலேயே அடிக்கத் தக்கது. துளையை நிறைத்து நிற்பதால் எளிதில் தளராதது. பெங்களூரில் 1940-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பெற்ற ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், வி. எம். காட்டகே அவர்களின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951-இல் பறந்த ஹெச்.டி.-2 பயிற்சி விமானமும் உலோகத் தகட்டு விமானமே. இன்று இழைக் கலப்புப் பொருள்கள் பெருகியுள்ள போதிலும், ரிவெட்டு வேலையின் தேவை மறைந்துவிடவில்லை. புது விமானம் கட்டுவோர்க்கும், பழைய விமானத்தைச் செப்பனிடுவோர்க்கும் அது இன்றியமையாத கைத்தொழிலாகவே விளங்குகிறது.

வகையும் குறியும்

விமான வேலைக்குரிய திண்ம ரிவெட்டுகள் தலையின் வடிவால் இரு பெரும் பிரிவாகும். தகட்டுக்கு மேல் உருண்டு நிற்கும் தலையுடையது ஒன்று. 100 பாகைச் சரிவில் கூம்பாக அமைந்து, தகட்டுக்குள் சமமாக அமிழ்வது மற்றொன்று.

எந்த உலோகத்தால் செய்யப்பட்டது என்பதைத் தலையிலுள்ள குறி அறிவிக்கும். குறியே இல்லாதது ஏறக்குறையத் தூய அலுமினியம். நடுவில் சிறு குழி உடையது 2117 என்ற எண்ணுள்ள கலப்பு உலோகம். பொது வேலைக்கு மிகுதியாகப் பயன்படுவது இதுவே. எழும்பிய ஒரு புள்ளி உடையது 2017. எழும்பிய இரு கோடுகள் உடையது 2024. இவ்விரண்டும் வெப்ப முறைப்பாட்டிற்குப் பின் விரைவில் கடினமாகி விடும். 2024 வகையை நீரில் குளிர்வித்த 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அடித்து விடல் வேண்டும். இன்றேல் உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது சில சில எடுத்து அடித்தல் வேண்டும். இக்காரணம் பற்றியே பட்டறையில் அவற்றை ஐஸ்பெட்டி ரிவெட்டு என்பர். 2117 வகைக்கு இத்தொல்லை இல்லை; வாங்கிய நிலையிலேயே அடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குறியற்ற தூய அலுமினிய ரிவெட்டு மிக மென்மையானது. தொடக்க மாணவன் கையில் அழகாகத் தலை உருவாகும். ஆனால் அதன் நறுக்கு வலிமை 2117 வகையின் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கேயாகும். இரண்டும் ஒரே கிண்ணத்தில் கலந்து கிடப்பின், அடித்து முடிந்த வரிசையின் அழகு எவரையும் ஏமாற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனிப்பெட்டி வைத்தலும், தரையில் விழுந்த ரிவெட்டைக் குறி பாராமல் எடுத்து அடிக்காதிருத்தலும் முதல் நாளிலிருந்தே விதியாதல் வேண்டும்.

அளவுகளைக் கணித்தல்

ரிவெட்டின் குறுக்களவு, இணைக்கும் தகடுகளில் தடிப்பானதன் தடிப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. மிகச் சிறியதாயின் ரிவெட்டு நறுக்குண்ணும். மிகப் பெரியதாயின் அதனை அடிக்கத் தேவையான பலமான அடியால் மெல்லிய தகடு புடைத்துக் கெடும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 1.0 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டோடு 0.8 மில்லிமீட்டர் தகட்டை இணைக்க வேண்டும் என்க. மூன்று மடங்கு 3.0 மில்லிமீட்டர், இதற்கு அடுத்த வழக்கமான அளவு 1/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர்.

நீளத்தைக் காண, தகடுகளின் மொத்தத் தடிப்போடு குறுக்களவின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். 1.8-உடன் 4.8-ஐக் கூட்ட 6.6 மில்லிமீட்டர் ஆகிறது. கிடைக்கும் அளவுகளில் இதற்கு நெருங்கியது 1/4 அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர்.

இந்த ஒன்றரை மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்கறிந்த மாணவன் தானே கண்டுபிடிக்கலாம். அடித்து முடித்த தலையின் அகலம் குறுக்களவின் ஒன்றரை மடங்கிற்கும், உயரம் அதன் பாதிக்கும் குறையாதிருத்தல் வேண்டும். அடித்தால் உலோகத்தின் உருவம் மாறுமேயன்றிக் கனவளவு மாறாது. அகலம் ஒன்றரை மடங்காகும்போது பரப்பு 2.25 மடங்காகிறது. ஆகவே 4.8 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்த பகுதி, 4.8-ஐ 2.25-ஆல் வகுக்கக் கிடைக்கும் 2.13 மில்லிமீட்டர் உயரமுள்ள தலையாக அமரும். தேவையானது 1.6 மில்லிமீட்டர், துளையை நிறைக்கச் செல்லும் சிறிதளவு போகவும் போதுமானது எஞ்சுகிறது. நீண்டிருப்பது 3.2 மில்லிமீட்டர் மட்டுமாயின், உயரம் 1.42 மில்லிமீட்டரே ஆகும். குட்டையான ரிவெட்டை எத்துணைத் திறமையாக அடிப்பினும், அகலமும் உயரமும் ஒருங்கே கிடையா என்பது இதனால் விளங்கும். மிக நீண்டதாயின், அடிக்கும்போது அது சாய்ந்து மடங்கும்.

துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புவரை, குறுக்களவைப் போல் இரு மடங்காவது இடைவெளி வேண்டும்; அமிழ்தலை ரிவெட்டுக்கு இரண்டரை மடங்கு வேண்டும். அடுத்தடுத்த ரிவெட்டுகளின் மையங்களுக்கிடையே மூன்று மடங்கிற்குக் குறைதல் கூடாது. நான்கு முதல் ஆறு மடங்கு வழக்கமானது. விளிம்பு நெருங்கினால் தகடு கிழியும். ரிவெட்டுகள் நெருங்கினால், அஞ்சல் தலைத் தாளில் உள்ள துளை வரிசைபோல் தகடு அவ்வரிசையிலேயே வலுவிழக்கும்.

துளையிடுதல்

குறியிடும்போது கூரிய இரும்பு முனையால் தகட்டைக் கீறலாகாது. அக்கீறலே பின்னர் வெடிப்பு தோன்றும் இடமாகலாம். கரிப் பென்சிலும் ஆகாது. அலுமினியத்தின்மேல் அதன் தடம் அரிப்புக்கு இடம் தரும். மெல்லிய முனையுள்ள மைப்பேனாவே ஏற்றது.

குறித்த இடத்தில் மெல்ல முனைப்புள்ளி இட்டு, முதலில் சிறிய அலகால் துளைத்து, பின்னர் உரிய அளவுக்குப் பெரிதாக்குதல் நன்று. 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 3.26 மில்லிமீட்டர் அளவுள்ள, பட்டறையில் 30-ஆம் எண் என வழங்கும் அலகைக் கொள்வர். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. கருவியைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்தல் வேண்டும். சாய்ந்தால் துளை நீள்வட்டமாகும். அடியில் மரக்கட்டை வைத்துத் துளைத்தால் தகடு வளையாது.

முதல் துளை முடிந்ததும் கிளிக்கோ எனப்படும் வில்பிடிப்பானைச் செருகித் தகடுகளை இறுகப் பிணைத்தபின்னரே அடுத்த துளைக்குச் செல்லல் வேண்டும். எல்லாத் துளைகளும் முடிந்தபின் தகடுகளைப் பிரித்தெடுத்து, இருபுறமும் விளிம்புகளிலுள்ள பிசிரை நீக்குக. இது மாணவர் பலர் சோம்பித் தவிர்க்கும் படியாகும். பிசிர் இரு தகடுகளுக்கிடையே நின்றால் அவை ஒட்டி அமரா. ரிவெட்டின் உலோகம் அவ்விடைவெளியில் பரவி, இணைப்பு என்றும் இறுகாது. பிசிரை நீக்கும்போது விளிம்பை மிகுதியாகச் சுரண்டுதலும் தவறே. விரல் நுனிக்குத் தடையின்றித் தோன்றினால் போதும். பின்னர்த் தூசு துடைத்து, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு பூசி, மீண்டும் சேர்த்துப் பிணைத்தல் வேண்டும்.

அடித்தல்

அழுத்தக் காற்றால் இயங்கும் சுத்தியை ஒருவர் தலைப்புறத்தில் பிடிப்பார். பக்கிங் பார் என்னும் தாங்கிரும்பை மற்றொருவர் மறுபுறத்தில் ஆணியின் முனைமேல் அழுத்திப் பிடிப்பார். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு இத்தாங்கிரும்பு ஒன்றரைக் கிலோகிராம் அளவில் இருத்தல் தகும். சுத்தி தலையைத் தகட்டோடு பதித்து அடிக்க, எதிர்ப்புறத்தில் தாங்கிரும்பின் எடையே முனையை நசுக்கித் தலையாக்குகிறது.

இருவருக்கும் இடையே தகடு திரைபோல் மறைத்து நிற்பதாலும், சுத்தியின் ஓசையாலும் பேச்சு பயன்படாது. எனவே தாங்கிரும்பு பிடிப்பவர் தகட்டில் தட்டி அறிவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு தட்டு, இன்னும் அடிக்க. இரு தட்டு, சரியாக அமைந்தது. மூன்று தட்டு, கெட்டுவிட்டது, நீக்குக. மூன்று தட்டுத் தட்டும் துணிவு இருவருக்கும் வேண்டும். கெட்டதைக் கெட்டதென்று உடனே அறிவிக்காத இணையர், எத்துணை வேகமாக வேலை செய்யினும் நம்பத் தக்கவரல்லர்.

காற்றின் அழுத்தத்தை மிகக் குறைவாக வைத்து நெடுநேரம் அடித்தல், பார்வைக்கு நிதானமான முறைபோல் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அடியும் உலோகத்தைக் கடினமாக்குகிறது; அடி மிகுந்தால் தலையின் விளிம்பு வெடிக்கும். மிகுந்த அழுத்தமோ தகட்டை நசுக்கும். சில நொடிகளில் தலை உருவாகும் அளவே சரியானது. அதனை வீண் தகட்டில் சோதித்து அமைத்துக்கொண்ட பின்னரே உண்மை வேலையைத் தொடங்குதல் வேண்டும். சுத்தியை வெறும் வெளியில் இயக்குதல் ஆபத்தானது. முனைக்கிண்ணம் தெறித்து ஓடக்கூடும். கண்ணாடியும் காதுறையும் அணியாமல் இவ்வேலையில் எவரும் நிற்கலாகாது.

அமிழ்தலை ரிவெட்டு

வேகம் மிகுந்த விமானத்தில், எழும்பிய தலைகள் காற்றோட்டத்தைத் தடுக்கும். 1935-இல் ஹோவர்டு ஹியூஸ் மணிக்கு 567 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து சாதனை நிறுவிய ஹெச்-1 விமானத்தில் அமிழ்தலை ரிவெட்டுகள் பயன்பட்டன.

தலை அமிழ்வதற்கு இரு வழிகள் உண்டு. தகடு தடிப்பாக இருந்தால் கூம்பு வடிவக் குழியைக் கடைந்தெடுக்கலாம். மெல்லியதாயின் கடைதல் ஆகாது. ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் இடையே வைத்து அழுத்தித் தகட்டையே குழிவாக்குதல் வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டின் கூம்புத் தலை ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. தகட்டின் தடிப்பு அதற்கும் குறைவாயிருக்கக் கடைந்தால், துளையின் அடிவிளிம்பு கத்திமுனைபோல் மெலிந்து விடும். வெடிப்பு தொடங்குவதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

பரிசோதனையும் நீக்கலும்

அடித்து முடித்த தலையின் அகலத்தையும் உயரத்தையும் அளவித் தகடு கொண்டு பார்த்தல் வேண்டும். தலை சாய்ந்திருத்தல், விளிம்பு வெடித்திருத்தல், தலைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தென்படல், முனைக்கிண்ணம் நழுவித் தகட்டில் பிறைபோல் வடு பதிதல் ஆகியவை பொதுவான குறைகள்.

கெட்ட ரிவெட்டை நீக்க, அதன் தலையின் நடுவில் துளையின் அளவுக்கு மேற்படாத அலகால் தலையின் ஆழம்வரை மட்டுமே துளைத்து, தலையைப் பெயர்த்தெடுத்து, பின்புறம் முட்டுக் கொடுத்து உடலைத் தட்டி வெளியேற்றுதல் வேண்டும். அவசரப்பட்டு முழுதும் துளைத்துச் சென்றால் துளை பெரிதாகும். அப்போது அடுத்த பெரிய அளவு ரிவெட்டு தேவைப்படும். அதற்கு விளிம்பு இடைவெளி போதாமற் போகலாம். ஆதலால் சிறிது குறையுடைய, ஆனால் அளவு வரம்புக்குள் நிற்கும் தலையை அழகுக்காக நீக்குதல் பொருந்தாது. எதனை நீக்க வேண்டும், எதனை விட்டு வைக்க வேண்டும் என்பதை விருப்பு வெறுப்பின்றி அளவைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

இரு விபத்துகள் தரும் பாடம்

1978-இல் ஜப்பானில் போயிங் 747 விமானம் ஒன்று இறங்கும்போது அதன் வால் தரையில் உராய்ந்தது. அதனால் சேதமுற்ற பின் அழுத்தச் சுவரைச் செப்பனிட்டனர். இணைப்புத் தகட்டை ஒரே துண்டாக அமைத்திருந்தால், சுமை இரு வரிசை ரிவெட்டுகளின் வழியே சென்றிருக்கும். அத்தகடு இரு துண்டுகளாக அமைக்கப்பட்டதால், ஓரிடத்தில் ஒரே வரிசையே முழுச் சுமையையும் தாங்க நேர்ந்தது. வெளிப்பார்வைக்கு ரிவெட்டு வரிசைகள் குறைவின்றியே தோன்றின. ஏழாண்டுகள் பறந்தபின், 1985 ஆகஸ்டு 12-ஆம் நாள் அச்சுவர் வெடித்துச் சிதைந்து விமானம் மலையில் வீழ்ந்தது. 520 பேர் மாண்டனர்.

1988 ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் பறந்துகொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதி மேற்கூரை, ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளத்திற்கு 7,300 மீட்டர் உயரத்தில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏனைய அனைவரும் உயிர் தப்பினர். அவ்விமானம் 89,000 முறைக்கு மேல் பறந்திருந்தது. தகடுகளை ஒட்டியிருந்த பசை பற்று விடவே, அது சுமக்க வேண்டிய சுமை ரிவெட்டுகளின்மேல் விழுந்தது. அங்கே 0.9 மில்லிமீட்டர் தகட்டில் தலைக்குழி முழுத் தடிப்பையும் ஊடுருவியிருந்தது. கத்திமுனையாய் மெலிந்த அத்துளை விளிம்புகளில் களைப்பு வெடிப்புகள் தோன்றி, துளைக்குத் துளை வளர்ந்து ஒன்றோடொன்று கூடிவிட்டன.

முன்னதில் சுமை செல்லும் வழி தவறியது. பின்னதில் துளையின் விளிம்பு தவறியது. இரண்டிலும் தலைகள் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தன.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

இப்பாடத்தைக் கற்பிக்க விமானம் தேவையில்லை. உள்ளங்கை அகலமுள்ள இரு தகட்டுத் துண்டுகளும் பத்து ரிவெட்டுகளும் போதும். மாணவர் இருவர் இருவராக வேலை செய்து, இடையில் இடம் மாறிக்கொள்ளட்டும். தாங்கிரும்பு பிடித்தறியாதவர் சுத்தியின் இயல்பை முழுதும் அறியார்.

வேலை முடிந்தபின், வரிசையின் நடுக்கோட்டில் ரம்பத்தால் அறுத்து, வெட்டிய முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் செய்க. துளை நிறைந்துள்ளதா, தகடுகளுக்கிடையே பிசிர் நின்றதா, ஆணி சாய்ந்ததா என்பன அனைத்தும் அங்கே வெளிப்படும். வேறு எவ்வகையிலும் காண முடியாத உட்சுவரை மாணவன் காணும் வாய்ப்பு இது ஒன்றே. பிசிர் நீக்கிய துண்டையும் நீக்காத துண்டையும் அடுத்தடுத்து அறுத்துக் காட்டினால் விரிவுரை வேண்டியதில்லை. சரியாக அடித்த ரிவெட்டை வேண்டுமென்றே நீக்கி, துளை பெரிதாகாமல் மற்றொன்றை அடிக்கும் பயிற்சியும் தவறாமல் அளித்தல் வேண்டும். மதிப்பெண் இடும்போது அடித்த எண்ணிக்கைக்கு முதலிடம் தராமல், மாணவன் தானே கண்டு குறித்த குறைகளுக்கும் மதிப்பெண் அளித்தல் நன்று. தன் வேலையைத் தானே அளந்து மறுக்கக் கற்றவன் கையிலிருந்து வரும் இணைப்பையே பறப்பவர்கள் நம்பிச் செல்ல இயலும்.

பயிற்சி வினாக்கள்

1. 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு தகடுகளை இணைக்க ரிவெட்டின் குறுக்களவையும் நீளத்தையும் கணக்கிடுக.

2. வெளியே நீண்ட பகுதி குறுக்களவுக்குச் சமமாக மட்டும் இருப்பின், தலையின் அகலமும் உயரமும் ஒருங்கே அமையாதது ஏன்?

3. குறியற்ற ரிவெட்டும், நடுவில் குழியுள்ள ரிவெட்டும் கலந்துவிட்ட பெட்டியைப் பயன்படுத்துவதால் நேரும் தீங்கு யாது?

4. மெல்லிய தகட்டில் தலைக்குழியைக் கடையாமல், அழுத்திக் குழிவாக்குவதன் காரணத்தை 1988-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.